ஸ்டெம் செல் சிகிச்சை: எது நிஜம், எது ஆராய்ச்சி, எது வெறும் விளம்பரம்?

"குழந்தை பிறக்கப் போகுது, தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமிச்சு வைங்க" என்று கர்ப்பிணிகளுக்கு போன் வருகிறது. "மூட்டு வலிக்கு ஆபரேஷனே வேண்டாம், ஸ்டெம் செல் ஊசி போதும்" என்று யூடியூபில் விளம்பரம் ஓடுகிறது. "ஆட்டிசத்தை ஸ்டெம் செல் சரி பண்ணிடும்" என்று வாட்ஸ்அப்பில் வீடியோ சுற்றுகிறது.

இன்னொரு பக்கம், ரத்தப் புற்றுநோயும் தலசீமியாவும் வந்த எத்தனையோ பேரின் உயிரை உண்மையிலேயே காப்பாற்றியதும் இதே ஸ்டெம் செல்தான். வேலூரிலேயே 1986 முதல் இந்தச் சிகிச்சை நடந்து வருகிறது.

ஒரே பெயர்தான். ஆனால் ஒரு இடத்தில் அது நிரூபிக்கப்பட்ட மருத்துவம், இன்னொரு இடத்தில் இன்னும் முடியாத ஆராய்ச்சி, வேறொரு இடத்தில் பணம் பறிக்கும் வேலை. இந்த மூன்றையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? விரிவாகப் பார்க்கலாம்.

ஸ்டெம் செல் என்றால் என்ன?

நம் உடம்பில் இருக்கும் பெரும்பாலான செல்களுக்கு ஒரே ஒரு வேலைதான். ரத்தச் சிவப்பணு ஆக்சிஜனைச் சுமக்கும். தோல் செல் உடம்பைப் போர்த்தும். நரம்பு செல் தகவலைக் கடத்தும். ஒன்றின் வேலையை இன்னொன்று செய்யாது.

ஸ்டெம் செல் அப்படி இல்லை. அதற்கு இரண்டு திறமைகள் உண்டு. ஒன்று, தன்னைப் போலவே இன்னொரு ஸ்டெம் செல்லை உருவாக்கிக்கொள்ளும். இரண்டு, தேவைப்படும்போது வேறு வகை செல்லாக மாறும். தமிழில் இதைக் குருத்தணு என்று சொல்கிறார்கள். குருத்திலிருந்து இலை வருவது போல, இதிலிருந்துதான் மற்ற செல்கள் வருகின்றன.

இது ஏன் தேவை? ஒரு சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள்தான். அதனால் ஒவ்வொரு நாளும் சுமார் 20,000 கோடி புதுச் சிவப்பணுக்களை நம் உடம்பு தயாரிக்க வேண்டியிருக்கிறது. அந்தத் தொழிற்சாலை எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜை. அதை நடத்துவது அங்கே இருக்கும் ரத்த ஸ்டெம் செல்கள். தோல், குடலின் உட்சுவர், கருவிழி ஓரம் என்று பல இடங்களில் இப்படித் தனித்தனி ஸ்டெம் செல்கள் இருக்கின்றன.

எல்லா ஸ்டெம் செல்லும் ஒன்றா?

இல்லை. குழப்பம் தொடங்குவதே இங்கேதான். முக்கியமாக மூன்று வகைகள் உண்டு.

முதல் வகை, பிறந்த பிறகும் நம் உடம்பில் இருக்கும் ஸ்டெம் செல்கள். இவற்றுக்கு எல்லை உண்டு. மஜ்ஜையில் இருக்கும் ரத்த ஸ்டெம் செல், ரத்த அணுக்களை உருவாக்கும். அதை எடுத்து மூளையில் செலுத்தினால் மூளை செல்லாக மாறிவிடாது. பல போலி விளம்பரங்கள் மறைப்பது இந்த ஒரு விஷயத்தைத்தான்.

இரண்டாவது, கரு ஸ்டெம் செல்கள். கருத்தரித்து 5, 6 நாள் ஆன கருவிலிருந்து எடுக்கப்படுபவை. இவை உடம்பின் எந்த செல்லாகவும் மாறக்கூடியவை. மனிதக் கருவிலிருந்து இவற்றைப் பிரித்து ஆய்வகத்தில் முதலில் வளர்த்தவர் அமெரிக்காவின் ஜேம்ஸ் தாம்சன். ஆண்டு 1998. இதற்காக ஒரு கருவை அழிக்க வேண்டியிருப்பதால் பல நாடுகளில் பெரிய சர்ச்சை கிளம்பியது.

அந்தச் சர்ச்சைக்கு வழி சொன்னது மூன்றாவது வகை. ஜப்பானின் ஷின்யா யமனாகா 2006-ல் எலியின் சாதாரண தோல் திசு செல்லில் 4 மரபணுக்களைச் செலுத்தினார். வளர்ந்து முடிந்த அந்த செல், கரு ஸ்டெம் செல் போன்ற நிலைக்கே திரும்பிப் போனது. அடுத்த ஆண்டே மனித செல்லிலும் இதைச் செய்து காட்டினார். கருவே தேவையில்லை. 2012-ல் ஜான் கர்டனுடன் சேர்த்து அவருக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள்.

நிரூபிக்கப்பட்ட சிகிச்சை எது?

முதலிடம், எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைக்குத்தான். இதற்கு வழி போட்ட அமெரிக்க மருத்துவர் டொனால் தாமஸ் தன் முதல் முயற்சிகளை 1957-ல் வெளியிட்டார். 1990-ல் நோபல் பரிசு பெற்றார்.

ரத்தப் புற்றுநோயில் சில வகைகள், தலசீமியா, ஏபிளாஸ்டிக் அனீமியா, பிறவியிலேயே வரும் நோய் எதிர்ப்புக் குறைபாடுகள் ஆகியவற்றுக்கு இது வழக்கமான சிகிச்சை. 'மாற்று' என்றதும் பெரிய ஆபரேஷன் என்று நினைக்க வேண்டாம். முதலில் கீமோதெரபி, சில சமயம் கதிர்வீச்சு கொடுத்து நோயாளியின் பழுதான மஜ்ஜையை அகற்றுவார்கள். பிறகு டோனரின் ஸ்டெம் செல்களை ரத்தம் ஏற்றுவது போலவே நரம்பு வழியாக ஏற்றுவார்கள். அவை தாமாகவே எலும்புக்குள் போய் உட்கார்ந்து, சில வாரங்களில் புது ரத்தத்தைத் தயாரிக்கத் தொடங்கும்.

கேட்க எளிதாக இருந்தாலும் இது ஆபத்து இல்லாத சிகிச்சை அல்ல. புது மஜ்ஜை வேலை செய்யும் வரை நோயாளிக்கு எதிர்ப்புச் சக்தியே இருக்காது. சின்னத் தொற்றுகூட உயிருக்கு உலை வைக்கலாம். வந்த செல்கள் நோயாளியின் உடம்பையே அந்நியமாகப் பார்த்துத் தாக்கும் சிக்கலும் உண்டு. அதனால்தான் பொருத்தமான டோனர் கிடைப்பது அவ்வளவு முக்கியம்.

டோனர் எப்படிக் கிடைப்பார்?

ரத்தப் பிரிவு ஒத்துப்போவதைவிட, எச்எல்ஏ எனப்படும் திசு அடையாளம் ஒத்துப்போவதுதான் இதில் முக்கியம். உடன்பிறந்த ஒருவருடன் இது முழுமையாகப் பொருந்த 25 சதவீதம்தான் வாய்ப்பு. இப்போது அப்பா, அம்மாவிடமிருந்து பாதிப் பொருத்தத்திலும் சிகிச்சை செய்கிறார்கள். அதுவும் சரிவராதவர்கள் வெளியே டோனர் தேட வேண்டும்.

எச்எல்ஏ பரம்பரையாக வருவது. எனவே நம் ஆட்களுக்குப் பொருந்தும் டோனர் நம் ஆட்களிடமிருந்தே கிடைக்க வாய்ப்பு அதிகம். ஐரோப்பாவில் எத்தனை லட்சம் பேர் பதிவு செய்திருந்தாலும் மதுரையில் இருக்கும் நோயாளிக்கு அது பெரிதாக உதவாமல் போகலாம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 2009 முதல் இயங்கும் தாத்ரி போன்ற டோனர் பதிவேடுகள் இந்த இடைவெளியை நிரப்பத்தான் முயல்கின்றன.

டோனர் ஆனால் வலிக்குமா? எலும்பைத் துளைப்பார்களா? பலருக்கு இருக்கும் பயம் இது. பதிவு செய்யும்போது கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் தடவி மாதிரி எடுப்பார்கள், அவ்வளவுதான். யாருக்காவது பொருந்தினால், பெரும்பாலும் சில நாள்கள் ஊசி போட்டு ஸ்டெம் செல்களை ரத்தத்துக்கு வரவைப்பார்கள். பிறகு ஒரு கையில் ரத்தத்தை எடுத்து, இயந்திரத்தில் ஸ்டெம் செல்லை மட்டும் பிரித்துவிட்டு, மீதியை உடம்புக்கே திருப்பி அனுப்புவார்கள். சில மணி நேரம் ஆகும். ஊசி போடும் நாள்களில் எலும்பு வலி, உடம்பு வலி இருக்கலாம். கொடுத்த செல்களை உடம்பு திரும்பத் தயாரித்துக்கொள்ளும்.

வேலூரில் நடந்தது என்ன?

டோனரே கிடைக்கவில்லை என்றால்? நோயாளியின் சொந்த ஸ்டெம் செல்லையே எடுத்து, அதில் இருக்கும் மரபணுக் கோளாறைச் சரிசெய்து, திரும்ப உடம்புக்குள் செலுத்தினால் என்ன? இந்த யோசனை இப்போது நடைமுறைக்கு வந்துவிட்டது.

ஹீமோஃபிலியா ஏ என்ற நோயில் ரத்தத்தை உறைய வைக்கும் 'ஃபேக்டர் 8' என்ற புரதம் உடம்பில் உருவாகாது. சின்னக் காயம்கூட ஆபத்து. மூட்டுக்குள் தானாகவே ரத்தம் கசியும். காலம் முழுக்க அந்தப் புரதத்தை ஊசியாகப் போட்டுக்கொள்ள வேண்டும். வேலூர் சிஎம்சி மருத்துவமனையிலும் அங்குள்ள ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையத்திலும் இருக்கும் மருத்துவர்கள், 5 நோயாளிகளின் ரத்த ஸ்டெம் செல்களை எடுத்து, அந்தப் புரதத்தைத் தயாரிக்கும் மரபணுவை அவற்றில் சேர்த்துத் திரும்பச் செலுத்தினார்கள். 2024 டிசம்பரில் முடிவுகள் வெளியாயின. கண்காணிப்பில் இருந்த காலம் முழுவதும் 5 பேரில் ஒருவருக்குக்கூட ரத்தக்கசிவு ஏற்படவில்லை.

வெறும் 5 பேர்தான், இன்னும் நிறைய பேரிடம் சோதிக்க வேண்டும். ஆனால் முடிவைச் சொன்ன விதத்தைக் கவனியுங்கள். எத்தனை பேர், எவ்வளவு காலம், என்ன ஆனது என்று எல்லாமே வெளிப்படை. நம்பத்தகுந்த ஆராய்ச்சி இப்படித்தான் இருக்கும்.

இதே வழியில், சிக்கிள் செல் நோய்க்கும் தலசீமியாவுக்கும் 'காஸ்ஜெவி' என்ற மரபணுத் திருத்தச் சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரிட்டன் அனுமதி கொடுத்தது. சிக்கிள் செல் நம் நீலகிரி பழங்குடி மக்களிடமும் காணப்படும் நோய். ஆனால் அமெரிக்காவில் இந்தச் சிகிச்சைக்கு வைத்த விலை 22 லட்சம் டாலர். அறிவியல் வந்துவிட்டது, விலை இன்னும் இறங்கி வரவில்லை.

பார்வையைத் திருப்பித் தந்த ஸ்டெம் செல்

ரத்தத்துக்கு அடுத்தபடியாக ஸ்டெம் செல் சாதித்த இடம் கண். கருவிழியின் ஓரத்தில், கறுப்பும் வெள்ளையும் சேரும் இடத்தில், கருவிழியின் மேற்பரப்பைப் புதுப்பிக்கும் ஸ்டெம் செல்கள் இருக்கின்றன. ஆசிடோ சுண்ணாம்போ பட்டால் இவை அழிந்துபோகும். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்புப் பாக்கெட்டைக் குழந்தைகள் அழுத்தி விளையாடும்போது கண்ணில் தெறித்துப் பார்வை போவது நம் நாட்டில் நடக்கும் கொடுமை. அப்படிப்பட்டவர்களுக்குச் சாதாரண கருவிழி மாற்று மட்டும் பலன் தராது. அதைப் புதுப்பிக்க ஸ்டெம் செல் இல்லையே!

ஹைதராபாத் எல்.வி.பிரசாத் கண் மருத்துவமனையில் டாக்டர் வீரேந்தர் சங்வான் குழுவினர் 2012-ல் இதற்கு எளிய முறை ஒன்றைச் சொன்னார்கள். நல்ல கண்ணின் ஓரத்திலிருந்து சில மில்லிமீட்டர் அளவு திசுவை எடுத்து, சின்னத் துண்டுகளாக நறுக்கி, பாதித்த கண்ணில் பரப்பி ஒட்டுவது. செல்கள் கண்ணிலேயே வளர்ந்து பரவும். விலை உயர்ந்த ஆய்வகம் தேவையில்லை. ஒரு கண்ணாவது நன்றாக இருப்பவர்களுக்குத்தான் இப்படிச் செய்ய முடியும்.

இன்னும் ஆராய்ச்சியில் இருப்பவை எவை?

சர்க்கரை நோய்: இங்கே பேசுவது டைப் 1 பற்றி மட்டும். இதில் இன்சுலின் சுரக்கும் செல்களை உடம்பே அழித்துவிடும். ஸ்டெம் செல்லிலிருந்து ஆய்வகத்தில் உருவாக்கிய கணையச் செல்களைச் செலுத்திப் பார்த்த ஆய்வின் முடிவு 2025 ஜூனில் வெளியானது. முழு டோஸ் பெற்ற 12 பேரில் 10 பேருக்கு ஓராண்டு முடிவில் இன்சுலின் ஊசி தேவைப்படவில்லை. ஆனால் அந்தச் செல்களை உடம்பு நிராகரிக்காமல் இருக்க, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்துகளைத் தொடர்ந்து எடுக்க வேண்டும். அந்த மருந்துகளால் தொற்று ஆபத்து கூடும். நம்மில் பெரும்பாலானோருக்கு இருக்கும் டைப் 2 சர்க்கரைக்கு இது தீர்வு அல்ல.

பார்க்கின்சன்: யமனாகா முறையில் உருவாக்கிய நரம்பு செல்களை மூளையில் வைத்துப் பார்த்த ஜப்பானின் கியோட்டோ ஆய்வு 2025-ல் முதல்கட்ட முடிவைச் சொன்னது. பெரிய பாதிப்பு இல்லை என்பதும் சிலருக்கு அறிகுறிகள் குறைந்தன என்பதும் நல்ல செய்தி. ஆனால் சோதித்தது 7 பேரிடம்தான்.

முதுகுத்தண்டு காயம், மாரடைப்புக்குப் பின் இதயம் பலவீனமாவது, பக்கவாதம் என எல்லாவற்றுக்கும் உலகம் முழுக்க ஆய்வுகள் நடக்கின்றன. காசு கொடுத்தால் போட்டுக்கொள்ளலாம் என்ற நிலை இன்னும் வரவில்லை.

நோயாளிக்குச் செலுத்தாமலேயே ஸ்டெம் செல் செய்யும் உதவி ஒன்றும் உண்டு. ஒரு நோயாளியின் தோலிலிருந்தோ ரத்தத்திலிருந்தோ ஸ்டெம் செல் உருவாக்கி, அதிலிருந்து அவருடைய இதய செல்லையோ மூளை செல்லையோ கண்ணாடித் தட்டில் வளர்க்கலாம். நோய் எப்படித் தொடங்குகிறது, எந்த மருந்து வேலை செய்கிறது என்பதை அங்கேயே பார்க்கலாம். 2016-ல் ஜிகா வைரஸ் பரவியபோது, குழந்தைகள் ஏன் சிறிய தலையுடன் பிறக்கின்றன என்ற கேள்விக்கு விடை தேட இதுதான் கைகொடுத்தது. வளரும் மூளையின் செல்களை அந்த வைரஸ் தாக்குவதை ஆய்வகத்தில் பார்த்தார்கள்.

தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமிக்கணுமா, வேண்டாமா?

கர்ப்பிணிகளின் வீட்டில் அதிகம் பேசப்படும் கேள்வி இதுதான். தொப்புள்கொடி ரத்தத்தில் ரத்த ஸ்டெம் செல்கள் இருப்பது உண்மை. 1988-ல் பாரிஸில், ஃபான்கோனி அனீமியா என்ற பரம்பரை நோய் இருந்த சிறுவனுக்கு, அவனுடைய தங்கையின் தொப்புள்கொடி ரத்தத்தை வைத்து முதன்முதலாகச் சிகிச்சை செய்தார்கள். அது வெற்றி பெற்றது.

இதில் கவனிக்க வேண்டியது, ரத்தம் தங்கையுடையது என்பதை. அவனுடைய சொந்த ரத்தம் சேமிக்கப்பட்டிருந்தாலும் பயன்பட்டிருக்காது. காரணம், பரம்பரை நோய்க்கான அதே மரபணுக் கோளாறு அவனுடைய தொப்புள்கொடி ரத்தத்திலும் இருக்கும். தலசீமியாவுக்கும் இதே கணக்குதான். குழந்தைப் பருவ ரத்தப் புற்றுநோய்களில் சிலவற்றின் ஆரம்ப மாற்றங்கள் பிறக்கும்போதே ரத்தத்தில் இருக்கக்கூடும் என்பதால் அங்கேயும் சொந்த ரத்தத்தைப் பொதுவாக விரும்ப மாட்டார்கள்.

"உங்கள் குழந்தைக்கு வாழ்நாள் இன்சூரன்ஸ்" என்ற விளம்பரம் இதனால்தான் அடிபடுகிறது. சேமித்த ரத்தம் அதே குழந்தைக்கு முதல் 20 ஆண்டுகளில் தேவைப்படும் வாய்ப்பு 2,500-ல் ஒன்று முதல் 2 லட்சத்தில் ஒன்று வரைதான் என்று இந்தியக் குழந்தைகள் நல மருத்துவர்கள் சங்கம் 2018-ல் சொன்னது. எதிர்காலச் சொந்தப் பயன்பாட்டுக்காகத் தனியார் வங்கியில் சேமிப்பதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்பதுதான் ஐசிஎம்ஆர் எனப்படும் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் நிலைப்பாடும்.

அப்போ யாருக்குத்தான் பயன்? வீட்டில் ஏற்கெனவே ஒரு குழந்தைக்குத் தலசீமியா போன்ற நோய் இருந்து, அடுத்த குழந்தை பிறக்கப் போகிறது என்றால் அந்த ரத்தத்தைச் சேமிப்பதில் அர்த்தம் உண்டு. அதையும் ரத்தநோய் மருத்துவர் சொல்ல வேண்டும், சேல்ஸ் ஏஜென்ட் சொல்லக் கூடாது.

இன்னொன்றும் உண்டு. குழந்தை பிறந்ததும் தொப்புள்கொடியை உடனே கட்டாமல் 1 நிமிடமாவது காத்திருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த நேரத்தில் போகும் ரத்தம் குழந்தைக்கு இரும்புச்சத்தைக் கூட்டும், ரத்தசோகையைக் குறைக்கும். சேமிப்புக்காக அவசரமாகக் கட்டினால், என்றோ தேவைப்படலாம் என்பதற்காக இன்று நிச்சயம் தேவைப்படுவதை இழப்பதாகிவிடும்.

பல், மாதவிடாய் ரத்தம், தொப்புள்கொடித் திசு ஆகியவற்றையும் சேமிக்கச் சொல்கிறார்களா? ஐசிஎம்ஆர் 2017 வழிகாட்டுதலின்படி தொப்புள்கொடி ரத்தத்தை மட்டுமே வங்கியில் சேமிக்க அனுமதி உண்டு.

போலி சிகிச்சையால் என்ன ஆகும்?

"பலன் இல்லேன்னாலும் பரவாயில்லை, கெடுதல் இல்லையே" என்று சிலர் நினைக்கலாம். அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் நடந்ததைக் கேளுங்கள். வயதானவர்களுக்கு வரும் விழித்திரைச் சிதைவுக்கு, வயிற்றுக் கொழுப்பிலிருந்து எடுத்த 'ஸ்டெம் செல்'லை மூன்று பெண்களின் இரண்டு கண்களிலும் ஒரே நாளில் ஊசியாகப் போட்டார்கள். மூவருக்கும் பார்வை கடுமையாகப் பறிபோனது. 2017-ல் மருத்துவ இதழில் இது வெளியானது. ஆராய்ச்சி என்ற பெயரில் நடந்த அதற்கு அவர்களே பணமும் கட்டியிருந்தார்கள்.

பக்கவாதத்துக்காகச் சீனா, அர்ஜென்டினா, மெக்சிகோ என்று போய் ஸ்டெம் செல் ஊசி போட்டுக்கொண்ட ஒருவருக்கு முதுகுத்தண்டில் கட்டி வளர்ந்ததும், அந்தக் கட்டி வேறொருவரின் செல்களால் ஆனது என்பதும் 2016-ல் தெரியவந்தது. வளர்வதும் பெருகுவதும் ஸ்டெம் செல்லின் இயல்பு. கட்டுப்பாடு இல்லாமல் வளர்ந்தால் அதுவே கட்டி.

ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சையைப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022-லேயே சொல்லிவிட்டது. ஆனாலும் பிள்ளைக்காக எதையும் விற்கத் துணியும் பெற்றோரைக் குறிவைத்து விளம்பரங்கள் வருகின்றன. அந்தப் பணத்தில் பேச்சுப் பயிற்சியும் செயல்முறைப் பயிற்சியும் எத்தனையோ மாதங்களுக்குக் கொடுக்கலாம்.

முடி வளர, முகம் பளபளக்க என்று 'ஸ்டெம் செல்' பெயரில் நடப்பவற்றில் பலவும் பிஆர்பி ஊசிதான். அதில் இருப்பது நம் ரத்தத்தின் தட்டணுக்கள், ஸ்டெம் செல் இல்லை.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. இது அனுமதி பெற்ற சிகிச்சையா, ஆராய்ச்சியா? ரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்று போன்ற ஏற்கப்பட்ட சிகிச்சைகளைத் தவிர மற்றதை அனுமதி பெற்ற ஆய்வில் மட்டுமே கொடுக்கலாம் என்பது ஐசிஎம்ஆர் விதி. மூட்டுத் தேய்மானம், பர்கர் நோய் ஆகியவற்றுக்கு மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதித்த தயாரிப்பு உண்டு. ஆனால் அனுமதி அந்தத் தயாரிப்புக்குத்தான். உங்களுக்குப் போடப்போவது அதுதானா என்று பெயரைக் கேளுங்கள்.

2. ஆராய்ச்சி என்றால் பதிவு எண் என்ன? இந்தியாவில் மருத்துவப் பரிசோதனைகள் சிடிஆர்ஐ என்ற அரசுப் பதிவேட்டில் கட்டாயம் பதிவாக வேண்டும். எண்ணை வைத்து இணையத்தில் நீங்களே பார்க்கலாம்.

3. ஆராய்ச்சிக்கு ஏன் பணம்? ஆய்வில் சேருபவரிடம் சோதனைச் சிகிச்சைக்குக் கட்டணம் வாங்கக் கூடாது. லட்சக்கணக்கில் கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம்.

4. யாருடைய செல், எங்கிருந்து எடுத்தது, என்னவாக மாறும்? தெளிவான பதில் வர வேண்டும். ஒரே ஊசி சர்க்கரை, மூட்டு வலி, ஆட்டிசம், முடி உதிர்வு எல்லாவற்றையும் சரி செய்யும் என்றால் அது அறிவியல் இல்லை.

5. ஆதாரம் எங்கே? "என் அம்மா நடக்க ஆரம்பிச்சுட்டாங்க" என்ற வீடியோ ஆதாரம் ஆகாது. எத்தனை பேருக்குக் கொடுத்தார்கள், எத்தனை பேருக்குப் பலன், எத்தனை பேருக்குப் பாதிப்பு என்று எழுத்தில் கேளுங்கள்.

மஜ்ஜை மாற்று இன்று நம்பகமான சிகிச்சையாக இருப்பதற்குக் காரணம், பல பத்தாண்டுகள் தோல்விகளையும் மறைக்காமல் எழுதிவைத்துத் திருத்திக்கொண்டே வந்ததுதான். சர்க்கரைக்கும் பார்க்கின்சனுக்கும் அந்த நாள் வரலாம். அதுவரை வீட்டில் யாராவது 'ஸ்டெம் செல் ட்ரீட்மென்ட்' என்று நோட்டீஸை நீட்டினால், மேலே இருக்கும் 5 கேள்விகளையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அவர்களுக்கு அனுப்புங்கள். நீங்கள் பார்க்கும் மருத்துவரிடமும் ஒருமுறை கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.